அலையாத்தியும் ஆழிப்பேரலையும்: பிச்சாவரத்து அறிவியல் ஊருக்கும் அரசுக்கும் சென்ற வழி (1993–2023)

முன்னுரை

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகக் கிழக்கே போனால், வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிட முகத்துக்கும் நடுவே பிச்சாவரம் அலையாத்திக் காடு விரிகிறது. உப்பங்கழிகள் ஊடறுத்துச் செல்ல, ஐம்பதுக்கும் மேற்பட்ட திட்டுகளாகச் சிதறிக் கிடக்கும் காடு அது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, இந்தக் கரையில் கடல் ஆழிப்பேரலையாக ஊருக்குள் புகுந்தது. கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிச்சாவரத்துக்கு முன்னால், கடலோரத் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற மீனவர் குடியிருப்பு அழிந்தது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெரும்பாலும் தப்பின.

சில வாரங்களிலேயே ஒரு வாக்கியம் ஊரெங்கும் பேச்சானது: 'காடு காப்பாற்றியது.' செய்தித்தாள்களும் மேடைகளும் திட்ட அறிக்கைகளும் அதையே திருப்பிச் சொல்லின. ஆய்வாளர்கள் உண்மையில் என்ன சொன்னார்கள், அதில் எந்தப் பகுதி அரசின் காதுக்குப் போனது, எந்தப் பகுதி வழியில் உதிர்ந்தது என்பதைக் காலவரிசையில் பின்தொடர்வது இக்கட்டுரையின் நோக்கம். இதே காட்டில் பத்தாண்டுகளுக்கு முன் இன்னோர் ஆய்வு முடிவு வனத்துறையையும் ஊர்மக்களையும் சென்றடைந்து நிலைத்தது. இரண்டையும் அருகருகே வைத்தால், அறிவியலைப் பொதுமக்களிடமும் ஆட்சியாளர்களிடமும் சேர்ப்பதில் எது நின்றது, எது நழுவியது என்பது தெரிகிறது.

தில்லைவனமும் கூப்பு வெட்டும்

சிதம்பரத்தின் பழைய பெயரான தில்லை ஒரு கண்டல் (அலையாத்தி) மரத்தின் பெயர். நடராசர் கோயிலின் தலமரம் அதுவே. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை பாதிக்கும் என்பது இப்பகுதி மக்கள் நன்கு அறிந்தது. ஊருக்கே பெயர் கொடுத்த அந்த மரவகை இன்று நகரை விட்டு விலகி, உப்பங்கழி ஓரத்தில் சுரபுன்னையோடும் வெண்கண்டலோடும் நிற்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில் இக்காடு விறகுக் கணக்கில் வந்தது. காட்டைக் கூப்புகளாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு கூப்பை முழுவதுமாக வெட்டி எடுப்பார்கள். வெட்டிய இடம் தானாகத் தழைத்துவிடும், சுற்று முடிந்து திரும்பி வரும்போது மறுபடியும் வெட்டலாம் என்பது கணக்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து எழுபதுகள் வரை இம்முறை நீடித்தது. ஆனால் வெட்டிய பல இடங்கள் தழைக்கவில்லை. பொட்டலாகவே கிடந்தன.

பொட்டலுக்கு யார் காரணம் என்ற கேள்விக்கு நெடுநாளாக ஒரே விடைதான் இருந்தது: ஊர்க்காரர்கள். அவர்கள் மாடு மேய்க்கிறார்கள், விறகு வெட்டுகிறார்கள், ஆகவே காடு அழிகிறது. இந்த விடை நிர்வாகத்துக்கு வசதியானது. வேலி போடு, காவலரை நிறுத்து, அபராதம் விதி என்பதற்கு மேல் அது எதையும் கேட்கவில்லை.

வாய்க்கால் சொன்ன சான்று: 1993–2003

1988இல் சென்னையில் தொடங்கப்பட்ட எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் பிச்சாவரத்தில் வேலையை ஆரம்பித்தது. வெ.செல்வம் முதலானோர் இடம்பெற்ற ஆய்வுக் குழு பொட்டல் நிலத்தின் மட்டத்தையும் உப்பையும் அளந்து பார்த்து வேறொரு விடையைச் சொன்னது. மரங்களை ஒட்டுமொத்தமாக வெட்டியதும் மண் வெயிலுக்குத் திறந்துவிடப்பட்டது. ஈரம் வற்றி மண் அமுங்கியது. நடுவே நிலம் தொட்டிபோலக் குழிந்தது. ஓதம் ஏறும்போது உள்ளே வரும் கடல்நீர் இறங்கும்போது வெளியேறாமல் தேங்கியது. வெயிலில் நீர் போய் உப்பு தங்கியது. ஆண்டுக்கு ஆண்டு உப்பு ஏறிய மண்ணில் எந்த விதையும் முளைக்கவில்லை. காட்டை அழித்தது மாடல்ல, கூப்பு முறை என்பதே இதன் உட்பொருள். வேறு சொற்களில், பழி ஊரிலிருந்து துறையின் பழைய நடைமுறைக்கு மாறியது.

அரசுத் துறையின் முகத்துக்கு நேரே 'தவறு உங்கள் முறையில்' என்று சொல்லும் அறிவியலுக்கு வரவேற்பு எளிதில் கிடைக்காது. இந்த முடிவு ஏற்கப்பட்டதற்குக் காரணம் அதன் வாதத்திறன் மட்டுமன்று. அதைச் சொன்ன விதத்துக்கும் பங்கு உண்டு. தேங்கிய நீர்தான் நோய் என்றால், நீரை வடித்துக் காட்டினால் காடு வர வேண்டும். ஆகவே தொட்டி நிலத்தின் குறுக்கே பெரிய வாய்க்கால் ஒன்றும், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்களும் வெட்டினார்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் போலத் தெரியும். கழியில் ஓதம் ஏறும்போது நீர் உள்ளே வந்து, இறங்கும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு போயிற்று. வாய்க்கால் கரைகளில் கண்டல் கன்றுகள் நடப்பட்டன.

மண்வெட்டி பிடித்தவர்களில் சுற்றுவட்டார ஊர்மக்களும், கழியில் கைகளால் துழாவி இறால் பிடித்து வாழும் இருளர்களும் இருந்தார்கள். பழிக்கப்பட்டவர்களே பணியாளர்களாகவும் பங்காளிகளாகவும் ஆனார்கள். வனத்துறையும் நிறுவனமும் ஊர்க்குழுக்களும் சேர்ந்த கூட்டு மேலாண்மை உருவானது. நீர் ஏறுகிறதா, வடிகிறதா என்று பார்க்க யாருக்கும் பட்டம் தேவைப்படவில்லை. கன்று நிற்கிறதா, கருகுகிறதா என்பது இரண்டு மழைக்காலத்தில் தெரிந்துவிடும். படிக்காத ஒருவரும் இந்த ஆய்வின் கருதுகோளைத் தன் கண்ணால் சோதித்துவிட முடிந்தது.

2003இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் இக்குழு செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஒரு கணக்கு வெளியிட்டது. 1986க்கும் 2002க்கும் இடையே பிச்சாவரத்தில் காட்டுப் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியிருந்தது. தரையில் கண்டதற்கு வானிலிருந்து ஒரு சாட்சி. பின்னர் மீன்முள் வாய்க்கால் முறை முத்துப்பேட்டைக்கும் ஆந்திரக் கழிமுகங்களுக்கும் போயிற்று.

மூன்று காரணிகளும் ஒரு தலைப்பும்: 2005

ஆழிப்பேரலைக்குப் பிந்தைய நாள்களில் உலகமே இக்கரையைக் கவனித்தது. அழிவின் நடுவே ஆறுதலான ஒரு செய்திக்கு எல்லோரும் ஏங்கினார்கள். தாங்கள் நட்டு வளர்த்த காட்டுக்குப் பின்னே தாங்கள் உயிரோடு இருப்பதை ஊர்மக்கள் சொன்னபோது அது அனுபவச் சான்றாகவே ஒலித்தது.

அதை ஆய்வு வடிவில் முதலில் சொன்னவர்களில் பரங்கிப்பேட்டைக்காரர்களும் இருந்தார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்று முகத்தில், பரங்கிப்பேட்டையிலேயே இருக்கிறது. ஆய்வாளர்களுக்கு அழிந்த குப்பங்கள் அண்டைவீடு. அங்கிருந்து கதிரேசனும் இராசேந்திரனும், இப்பகுதியில் 18 மீனவக் குடியிருப்புகளின் உயிரிழப்பையும் பொருளிழப்பையும் தொகுத்து, 2005இல் கழிமுக அறிவியலுக்கான பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வெளியிட்டார்கள். கரையோரத் தாவரப் பரப்பு, கடலிலிருந்து குடியிருப்பின் தொலைவு, குடியிருப்பின் உயரம் ஆகிய மூன்றும் கூடக் கூட இழப்பு குறைந்தது என்பது அவர்களின் முடிவு. ஆகவே மக்கள் கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், மேடான இடத்தில், அடர்ந்த கண்டல் அல்லது பிற தாவரங்களுக்குப் பின்னே குடியிருப்பது நல்லது என்று பரிந்துரைத்தார்கள்.

கட்டுரையின் உள்ளே மூன்று காரணிகள். தலைப்பிலோ ஒன்றுதான்: கரையோரக் கண்டல் காடுகள் ஆழிப்பேரலையின் வேகத்தைத் தணித்தன. தலைப்பு ஊர்சுற்றியது. தொலைவும் உயரமும் உள்ளேயே தங்கிவிட்டன.

அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் 'சயின்ஸ்' இதழ் டேனியல்சன் முதலானோரின் ஒரு பக்கக் குறிப்பை வெளியிட்டது. அதன் களமும் கடலூர் மாவட்டமே. பிச்சாவரத்தின் செல்வமும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். கடற்கரையில் இருந்த ஊர்கள் முற்றாக அழிந்தன, காட்டுக்குப் பின்னிருந்த ஊர்களுக்குச் சேதமில்லை, சவுக்குத் தோப்புகளுக்குப் பின்னால் சேதம் குறைவு என்று அது பதிவு செய்தது. 100 சதுர மீட்டருக்கு 30 மரங்கள் கொண்ட 100 மீட்டர் அகலப் பட்டை பேரலையின் நீரோட்ட அழுத்தத்தை 90 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கலாம் என்ற கணித மாதிரி ஒன்றையும் மேற்கோள் காட்டியது. 'குறைக்கலாம்' என்ற மாதிரிக் கணிப்பு, பின்னர் எடுத்தாளப்பட்ட இடங்கள் பலவற்றில் 'குறைக்கும்' என்ற உறுதியாகிவிட்டது.

மறுகணக்கு: 2006–2010

2006இல், பரங்கிப்பேட்டைக் கட்டுரை வந்த அதே இதழில் அலெக்சாண்டர் கெர், ஆண்ட்ரூ பேர்ட், ஸ்டூவர்ட் கேம்பல் மூவரும் ஒரு மறுப்பு எழுதினார்கள். புதிய தரவு எதையும் அவர்கள் கொண்டுவரவில்லை. கட்டுரை ஆசிரியர்கள் அச்சிட்டிருந்த அதே 18 ஊர்களின் எண்களை எடுத்து வேறு முறையில் கணக்கிட்டார்கள். ஒரே உயரமும் ஒரே தொலைவும் கொண்ட ஊர்களை ஒப்பிட்டால், தாவரப் பரப்பு கூடுவதாலோ குறைவதாலோ உயிரிழப்பில் பெரிய மாற்றம் இல்லை என்பது அவர்களின் விடை. உயிரிழப்பின் வேறுபாட்டை உயரமும் தொலைவுமே பெரும்பாலும் விளக்கிவிட்டன.

இதன் தர்க்கத்தைப் புரிந்துகொள்ள பிச்சாவரத்தின் நில அமைப்பை நினைத்தால் போதும். கண்டல் மரங்கள் திறந்த கடலின் முகத்தில் வளர்வதில்லை. மணல்திட்டுக்குப் பின்னால், கழியின் அமைதியில் வளர்கின்றன. அதனால் 'காட்டுக்குப் பின்னால் உள்ள ஊர்' என்று சொன்னாலே அது கடலுக்குத் தொலைவில் உள்ள ஊர்தான். காட்டால் தப்பியதா, தொலைவால் தப்பியதா என்பதை அந்த ஊரைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. எம்.ஜி.ஆர். திட்டு காட்டுக்கு முன்னே இருந்தது என்பதும் உண்மை. கடலை ஒட்டியே இருந்தது என்பதும் உண்மை. இரண்டு காரணங்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்போது கண்ணுக்குத் தெரியும் காரணத்துக்கே பெயர் போய்ச் சேர்கிறது. மரம் கண்ணுக்குத் தெரியும். தொலைவு தெரியாது.

கதிரேசனும் இராசேந்திரனும் பதில் எழுதினார்கள். வெர்மாத், தம்பான்யா ஆகியோர் கண்டலுக்கு ஆதரவாக மீண்டும் ஒரு கணக்கை முன்வைத்தார்கள். விவாதம் தொடர்ந்தது. இதற்குள் ஒரு நல்ல பண்பு இருக்கிறது: மூல ஆசிரியர்கள் தங்கள் எண்களைத் திறந்து வைத்திருந்ததால்தான் மறுப்பே சாத்தியமானது. ஆய்வுலகம் தன் கடமையைச் செய்தது. ஆனால் முதல் தலைப்பு சென்ற மேடைகளுக்கு இந்த மறுகணக்கு அதே வேகத்தில் போகவில்லை. விதிவிலக்காக, மீனவர் நலனுக்காகச் சென்னையிலிருந்து இயங்கும் பன்னாட்டு அமைப்பு ஒன்றின் 'சமுத்ரா' இதழ் 2006இல் பேர்டின் கட்டுரையை வெளியிட்டு, பசுமைப் பட்டை பற்றிய நம்பிக்கையைக் கேள்விக்கு உட்படுத்தியது. 2010இல் ஃபீகின் முதலானோர், இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்து, கரையோரத் தாவரமே உயிர்க்கேடயம் என்ற கருத்து எங்கெங்கே தவறாகப் பயன்பட்டது என்று தொகுத்தார்கள்.

கண்டலுக்கு ஆதரவான வலுவான சான்று வேறு வகை அபாயத்தில் கிடைத்தது. 1999 ஒடிசா பெரும்புயலை ஆராய்ந்து, 2009இல் தாஸும் வின்சென்டும் வெளியிட்ட கட்டுரையில், அகலமான கண்டல் காட்டுக்குப் பின்னிருந்த ஊர்களில் உயிரிழப்பு குறைவு என்று காட்டினார்கள். அதே கட்டுரை, அரசு தந்த முன்னெச்சரிக்கை காட்டைவிட அதிக உயிர்களைக் காத்தது என்றும் நேர்மையாகச் சொன்னது.

அரசாணையிலும் கடற்கரையிலும்

ஆட்சி இவற்றில் எதைக் கேட்டது? 2005 மார்ச் 30 நாளிட்ட வருவாய்த்துறை அரசாணை எண் 172 ஏற்கெனவே தொலைவைக் கையில் எடுத்திருந்தது. கடற்கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு சேதமானவர்கள் அதற்கு அப்பால் குடிபெயர்ந்தால் புதிய வீடு கிடைக்கும். பெயர விரும்பாதவர்கள் தாங்களே பழுதுபார்த்துக்கொள்ளலாம், உதவி கிடையாது. மீனவருக்கு இது வெறும் மீட்டர் கணக்கல்ல. கடலின் நிறத்தையும் காற்றையும் வாசலிலிருந்தே பார்த்துப் பாடு போகிறவர் அவர். படகும் வலையும் கரையில் கிடக்க, வீடு மட்டும் உள்ளே போனால் யார் காவல்? காலி செய்த கரை நாளை உல்லாச விடுதிக்குப் போய்விடுமோ என்ற அச்சமும் இருந்தது.

'விலகி இரு' என்ற அறிவுரைக்கு அரசியல் விலை அதிகம். 'மரம் நடு' என்பதற்கு விலை குறைவு. யாரையும் பெயர்க்க வேண்டாம், கன்றுகளை எண்ணிக் கணக்குக் காட்டலாம், படம் எடுக்கலாம், நிதி கொடுப்பவரும் மகிழ்வார். உலக வங்கிக் கடனில் 2005இல் தொடங்கிய அவசர ஆழிப்பேரலை மறுகட்டமைப்புத் திட்டத்தில் கரையோர மரப்பட்டைகளும் இடம்பெற்றன. கண்டல் வளராத திறந்த மணற்கரையில் சவுக்கு நடப்பட்டது. சவுக்கு இம்மண்ணின் மரமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எரிபொருளுக்காக இக்கரையில் பரவி, பின்னர் கடலூர் உழவர்களின் பயிராகவும் ஆனது. உழவருக்கு அது வருமானம். ஆனால் இயற்கையான மணல்மேட்டின் மேல் நெருக்கி நடும்போது அது மேட்டின் தன்மையை மாற்றிவிடுகிறது. கரைவலை இழுக்கவும் கருவாடு காயப்போடவும் படகு ஏற்றவும் இடம் குறைகிறது. மறுகணக்கு உயரத்தை முக்கியக் காரணியாகக் காட்டிய கரையில், உயரத்தைத் தந்த மணல்மேடு கவனிப்பாரின்றிப் போனது முரண்.

சட்டப் பக்கத்தில், 1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை மறுஆய்வு செய்ய 2004 ஜூலையில், அதாவது ஆழிப்பேரலைக்கு ஐந்து மாதம் முன்பே, எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டிருந்தது. 2005 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. எல்லாக் கரைக்கும் ஒரே அளவு என்பதை விடுத்து அந்தந்தக் கரையின் அபாயத்துக்கு ஏற்பக் கோடு வரையலாம் என்பதும், உயிர்க்கேடயங்கள் வேண்டும் என்பதும் அதில் இருந்தன. அதன் அடிப்படையிலான 2008 வரைவை மீனவ அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. மீண்டும் சுவாமிநாதன் தலைமையிலான குழுவே அந்த வரைவைக் கைவிடச் சொன்னது. 2011 ஜனவரியில் புதிய அறிவிக்கை வந்தது. 2022இல் பிச்சாவரம், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2023இல் ஒன்றிய அரசு 'மிஷ்டி' என்ற கண்டல் வளர்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது. கண்டலைப் பேண மீன்வளம், கரிமச் சேமிப்பு, புயல்காப்பு என்று போதுமான காரணங்கள் உண்டு. அவற்றுக்கு ஆழிப்பேரலையின் பெயரைக் கடன் வாங்கத் தேவையில்லை.

ஒலிபெருக்கியின் சாட்சி

அறிவியல் ஊரைச் சென்றடைந்த இன்னொரு வழியும் இக்கரையில் இருந்தது. கடலூரை ஒட்டிய புதுச்சேரிப் பகுதியில் நல்லவாடு என்ற மீனவக் கிராமம் உண்டு. அங்கே சுவாமிநாதன் நிறுவனத்தின் கிராம அறிவு மையம் இருந்தது. இத்தகைய மையங்கள் 1998 முதல் புதுச்சேரி ஊர்களில் இயங்கின. அவற்றுள் ஒன்றான வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை இறக்கி, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவிப்பார்கள். அன்றாடம் கடலுக்குப் போகிறவர் அந்தக் கணிப்பு சரியா தவறா என்று அன்றே தெரிந்துகொள்வார். நம்பிக்கை அப்படித்தான் சேர்ந்தது.

2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்து வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். செய்தி அறிவு மையத்துக்கு ஓடியது. ஒலிபெருக்கி ஊரை மேட்டுக்கு அனுப்பியது. 3,000க்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினர். பழகிய குரலில், பழகிய கருவியில் வந்ததால் யாரும் நின்று சந்தேகப்படவில்லை. நாட்டின் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் ஐதராபாத்தில் 2007இல்தான் செயல்படத் தொடங்கியது.

சொல்லின் பங்கு

அறிவியல் மக்களிடம் செல்லும்போது சொல்லும் கூடவே பயணம் செய்கிறது. தமிழில் இக்காட்டுக்கு வழங்கும் பெயர் 'அலையாத்தி'. அலையை ஆற்றுவது என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். 2004க்குப் பின் சுனாமிக்கு 'ஆழிப்பேரலை' என்ற சொல் நிலைபெற்றது. இரு சொற்களையும் சேர்த்தால் வாதம் தானாக முடிந்துவிடுகிறது: அலையை ஆற்றுவது பேரலையையும் ஆற்றாதா?

இயற்பியல் இங்கே குறுக்கிடுகிறது. காற்று எழுப்பும் அலை சில நொடிகளுக்கு ஒருமுறை வந்து உடைகிறது. வேரும் தண்டும் அதன் ஆற்றலை உறிஞ்சிவிடும். சுனாமியின் இரு முகடுகளுக்கு இடையே பத்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். ஆழ்கடலில் அதன் நீளம் 100 கிலோமீட்டரைத் தாண்டும். கரைக்கு வரும்போது அது அலையாக உடைந்து போவதில்லை. வெள்ளமாக ஏறி, நிமிடக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கிறது. மரங்கள் அதன் வேகத்தை ஓரளவு தடுக்கலாம். மட்டம் உயர்வதைத் தடுப்பது கடினம். மிஞ்சிய விசையில் முறிந்த மரமே மிதந்து வந்து மோதவும் கூடும். கடல் இப்படி ஏறுவதற்குப் பழந்தமிழ் மரபு 'கடற்கோள்' என்ற சொல்லை வைத்திருந்தது. கடல் நிலத்தைக் கொள்வது. நடந்ததை 'பேரலை'யைவிட அது சரியாகச் சொல்கிறது. கடற்கோள் என்று சொன்னால் எழும் அடுத்த கேள்வி 'எவ்வளவு உயரத்துக்கு, எவ்வளவு தூரத்துக்கு' என்பதாக இருக்கும்.

முடிவுரை

மீன்முள் வாய்க்காலும் 'காடு காப்பாற்றியது' என்ற வாக்கியமும் ஒரே மண்ணில், ஒரே நிறுவனங்களின் வட்டத்தில் பிறந்தவை. செல்வத்தின் பெயர் இரண்டு வரலாறுகளிலும் இருக்கிறது. ஆகவே வேறுபாட்டை ஆய்வாளரின் நேர்மையிலோ திறமையிலோ தேட இயலாது. வாய்க்கால் ஆய்வு தன் முடிவோடு அதைச் சோதிக்கும் வழியையும் கேட்பவர் கையில் கொடுத்தது. நீர் வடியவில்லை என்றால் கருதுகோள் தவறு என்பது இருளருக்கும் தெரியும், வனச்சரகருக்கும் தெரியும். வீராம்பட்டினத்து ஒலிபெருக்கியும் நாள்தோறும் சோதனைக்கு உள்ளானது. காட்டுச் செய்தியோ சோதிக்க வழியின்றி வந்தது. அடுத்த சுனாமி வரும்வரை அதை ஊரில் யாரும் தம் கண்ணால் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடியாத நல்ல செய்தியை அரசுகள் விரும்பிக் கேட்கும்.

பரங்கிப்பேட்டை ஆய்வாளர்கள் எழுதிய மூன்று காரணிகளும் தமிழில், ஒரே வாக்கியத்தில், குப்பத்துப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் வைக்கப்பட்டிருந்தால், 200 மீட்டர் பற்றிய சண்டை வேறு வடிவம் எடுத்திருக்கலாம். எந்த மேடு எவ்வளவு உயரம், எந்தப் பாதையில் எத்தனை நிமிடத்தில் அங்கே ஏற முடியும், எந்த மணல்மேட்டைத் தொடக்கூடாது என்று மீனவரே கணக்குப் போட்டிருப்பார். அந்தக் கணக்குக்கு வேண்டிய எண்கள் 2005இலேயே அச்சில் இருந்தன. அவை ஆங்கிலத்தில், ஓர் ஆய்விதழின் அட்டவணையில், 18 ஊர்களின் பெயர்களுக்கு எதிரே வரிசையாக நின்றன.